தாயாரின் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்

ஊரிலிருந்து மும்பைக்கு வந்து சில நாட்கள் உங்களோடு தங்கியிருக்கும் வயதான தாயாரின் சாட்சியைக் கைபேசியில் பதிவுசெய்ய விரும்புகிறீர்களா? அடுத்த முறை அவர்களால் இரயிலேற முடியுமோ, தெரியாது. ஆகவே முதலில் கைபேசியை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவையே நிறுத்திவிடக்கூடும்.

எம்4ஏ கோப்பில், ஒலி எங்கெங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணை பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அதற்கு முன் சார்ஜ் தீர்ந்தோ, இடம் நிறைந்தோ செயலி முடங்கினால், ஒரு மணி நேரப் பேச்சும் திறக்க இயலாத கோப்பாகிவிடலாம். எனவே 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திச் சேமியுங்கள். அம்மா தண்ணீர் குடிக்கவும் வசதியாயிருக்கும்.

வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், மோனோ என்ற அளவில் வேவ் கோப்பு நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 மெகாபைட் பிடிக்கும். பேச்சுக்கு இது தாராளம். மின்விசிறியை அணைத்து, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். விலை கொடுத்து வாங்கும் செயலியைவிட இதுவே அதிகப் பலன் தரும்.

ஊரிலுள்ள உடன்பிறப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலக்கோப்பை ஒரு பென்டிரைவிலும் அன்றே நகலெடுத்து வையுங்கள்.