நைட்டி: வெயில் காலத்து வீட்டு உடை

நைட்டி என்பது தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தொங்கும், இடுப்பில் கட்டு இல்லாத, தளர்வான பெண்கள் உடை. பெயரில் இரவு இருந்தாலும் தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பகல் உடையே. வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்திலிருந்து இரவில் அடுப்படியைத் துடைத்து வைக்கும் நேரம் வரை, நகரத்திலும் சிற்றூரிலும் வீட்டில் இருக்கும் பெண்களில் பலர் அணிவது இதைத்தான். கேரளத்தில் இதற்கு மாக்சி என்ற பெயரும் உண்டு. ஆடை வரலாறு எழுதுவோர் பட்டுக்கும் கைத்தறிக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார்கள். நாள் முழுதும் உடலில் இருக்கும் இந்த உடைக்கு ஒரு பத்தி கிடைப்பதும் அரிது.

அமைப்பு

நெஞ்சுக்கு மேலே 'யோக்' எனப்படும் பட்டை, அதிலிருந்து சுருக்கமோ மடிப்போ வைத்து இறங்கும் அகலமான உடல் பகுதி, முழங்கைக்கு மேல் நிற்கும் கை, முன்புறம் பட்டன் அல்லது ஜிப் ஆகியவை இதன் பொதுவான அமைப்பு. தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பவர்கள் ஏறத்தாழ 3 மீட்டர் துணி வாங்குவார்கள். கடைகளில் 'நைட்டி பிட்' என்று தனியாகவே வெட்டி விற்கிறார்கள். பாலூட்டும் தாய்மாருக்கென மடிப்புக்குள் ஜிப் மறைத்துத் தைக்கும் வகையும் உண்டு. மகப்பேற்றுக்கு மருத்துவமனை செல்லும் பையில் முதலில் எடுத்து வைக்கப்படுவது அதுவே. அண்மைக் காலத்தில் பக்கவாட்டில் பை வைத்த நைட்டிகள் விரும்பி வாங்கப்படுகின்றன. கைபேசியை இடுப்பிலோ ரவிக்கையிலோ செருகிக்கொண்ட பெண்களுக்கு இது சிறிய வசதியன்று.

தைத்த நைட்டிகளின் மொத்த வணிகம் ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும், சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பெரிய அளவில் நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் புதியம்புத்தூர் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு தைக்கப்படும் ஆடைகளில் நைட்டியும் ஒன்று.

வந்த வழி

உறங்கும்போது அணியும் நீண்ட தளர்ந்த அங்கி ஐரோப்பியப் பழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் அது இந்தியாவுக்கு வந்தது. ஆனால் நெடுங்காலம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய வீடுகளையும் வசதி படைத்த சில குடும்பங்களையும் தாண்டவில்லை. அப்போது தமிழ்ப் பெண்கள் வீட்டில் உடுத்தியது, பலமுறை துவைத்து நைந்து மெத்தென்றாகிவிட்ட பழைய நூல் சேலை. இளம்பெண்களுக்குப் பாவாடை தாவணி. நடுத்தர வீடுகளில் நைட்டி பரவலானது 1980களுக்குப் பிறகு. ஆயத்த ஆடைகள் மலிவானதும், கூட்டுக் குடும்பங்கள் சிறியவை ஆனதும், மாமனார் மாமியார் முன்னிலையில் எதை உடுத்தலாம் என்ற கட்டு தளர்ந்ததும் சேர்ந்தே நிகழ்ந்தன.

வெப்ப நாடுகள் பலவற்றில் இதற்கு உறவுக்கார உடைகள் இருக்கின்றன. மலேசியாவில் பாத்திக் துணியில் தைத்த அகலமான வீட்டு உடைக்கு 'பாஜு கெலாவார்' என்று பெயர். வௌவால் சட்டை என்பது அதன் பொருள். கையை விரித்தால் பெயர்க் காரணம் விளங்கிவிடும். இந்தோனேசியாவில் இதே பணியைச் செய்வது 'தஸ்தர்'. ஹவாய்த் தீவுகளின் கதை இன்னும் சுவையானது. 1820இல் அங்கு வந்திறங்கிய அமெரிக்கச் சமயப் பரப்பாளர்கள், தீவுப் பெண்களின் உடலை மூடுவதற்காக நீண்ட தளர்ந்த அங்கியைப் புகுத்தினார்கள். அதற்கு உள்ளே அணிந்த எளிய ஆடையான 'மூமூ' பின்னாளில் தனி உடையாக வெளியே வந்து, இன்று அத்தீவுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அடக்கத்துக்காகக் கொடுத்த உடை ஓரிடத்தில் அழகு உடையானது. அதே போன்ற தளர்ந்த உடை இந்தியாவில் சில ஊர்களில் அடக்கமின்மை என்று தண்டிக்கப்பட்டது. அது பின்னர் வருகிறது.

உடல் குளிரும் விதம்

மே மாதம் 4ஆம் நாளையொட்டித் தொடங்கும் கத்திரி வெயில் ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. வெளியே அப்படியென்றால் அடுப்பு எரியும் சமையலறையில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை, அதாவது 37 டிகிரியை, நெருங்கிவிட்டால் உடல் குளிர்வதற்கு மீதமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 580 கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் அது. (உணவில் சொல்லும் கலோரி இதைப்போல் ஆயிரம் மடங்கு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் இந்தப் பயன் கிடைக்காது. தோலிலோ துணியிலோ இருந்து ஆவியாக வேண்டும். அதற்குக் காற்று அசைய வேண்டும்.

இடுப்பில் கட்டில்லாத உடையின் சிறப்பு இங்கேதான். உடலையொட்டிய காற்று சூடாகி மேலே எழுந்து கழுத்து வழியே வெளியேறும். அந்த இடத்தைக் கீழ் விளிம்பு வழியே புதிய காற்று நிரப்பும். நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் துணியே விசிறிபோல் காற்றை உள்ளிழுத்துத் தள்ளும். சேலையில் இந்தப் பாதை இடுப்போடு அடைபடுகிறது. உள்பாவாடை, அதன் நாடா, கொசுவம், சுற்று என்று இடுப்பில் மட்டும் பல அடுக்குத் துணி சேர்கிறது.

தளர்ந்த உடையைப் பற்றி 1980இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று புகழ் பெற்றது. பாலைவனத்துப் பெதோயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதே கேள்வி. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்கியது உண்மை. ஆனால் அந்த மிகுதி வெப்பம் தோலை எட்டுவதற்குள் உள்ளே ஓடிய காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. இரு நிற அங்கிகளிலும் உடல் பெற்ற வெப்பம் ஒன்றாகவே இருந்தது. நைட்டி வாங்கும்போது வெளிர் நிறமே குளிர்ச்சி என்று தேடுவோர் இதைக் கவனிக்கலாம். வெயில் படாத வீட்டுக்குள் நிறத்தால் பெரிய வேறுபாடு இல்லை.

வெளிர் நிற மெல்லிய துணியால் வேறொரு தொல்லையும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் உள்ளே தெரியும் என்பதால் பெண்கள் நைட்டிக்குள் உள்பாவாடை கட்டுகிறார்கள். நாடா மறுபடி இடுப்புக்கு வந்துவிடுகிறது, காற்றுப் பாதையும் அடைபடுகிறது. அடர்ந்த அச்சுள்ள, ஓரளவு கனமான பருத்தித் துணி ஒன்றே போதும் என்று இருப்பது இதைவிடக் குளிர்ச்சி.

எந்தத் துணி

காற்றில் 65 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். ரேயான் 11 முதல் 13 வரை. பாலியெஸ்டர் 0.4 மட்டுமே. பாலியெஸ்டர் கலந்த பளபளப்பான நைட்டி கடையில் தொட்டுப் பார்க்கும்போது சில்லென்று வழுவழுப்பாக இருக்கும். வீட்டில் அரை மணி நேரம் அடுப்படியில் நின்றால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பருத்திக்கும் குறை உண்டு. குடித்த ஈரத்தை எளிதில் விடாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் கனத்த பருத்தி உலராமல் கிடக்கும். வேலூர், கரூர் போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலில் அதே துணி விரைவில் உலர்ந்துவிடும். பனியன் துணியில் தைத்தவை நீண்டு கொடுப்பதால் உறங்க வசதி. ஆனால் உடலோடு ஒட்டுவதால் பகல் வேலைக்குப் பருத்திக்கு ஈடாகா.

பருத்தி முதல் துவைப்புகளில் சுருங்கும். அதனால் கணுக்கால் நீளம் வேண்டுபவர்கள் வாங்கும்போதே சற்று நீளமாக எடுப்பது வழக்கம். சாயம் போகிறதா என்று தெரியும் வரை தனியே நனைப்பது நல்லது. கஞ்சி போடத் தேவையே இல்லை. கஞ்சி துணியின் துளைகளை அடைத்து விறைப்பாக்கும். சேலைக்கு அது அழகு, வீட்டு உடைக்கு வெப்பம்.

இடுப்பு நாடாவும் தோலும்

நைட்டியின் பயன் குளிர்ச்சியோடு முடிவதில்லை. உள்பாவாடை நாடாவைப் பல்லாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் அவ்விடம் கறுத்துத் தடிக்கும். வியர்வையும் உராய்வும் சேர்ந்து புண்ணாகும். மிக அரிதாக, ஆறாத அந்தப் புண் தோல் புற்றாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1945இலேயே மும்பையின் நோயியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர், வேட்டி கட்டும் இடுப்பில் தோன்றும் புற்றைப் பற்றி எழுதினார். 2024இல் சேலை உடுத்தும் முதிய பெண்கள் இருவருக்கு இதே இடத்தில் வந்த புற்று, பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் வெளியீடு ஒன்றில் 'உள்பாவாடைப் புற்று' என்ற பெயரில் வெளியானது. சேலை கட்டினாலே நோய் வரும் என்று இதற்குப் பொருளன்று. நோய்க்குக் காரணம் சேலை அன்று, நாடாவின் இறுக்கமே. மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டை வைத்த பாவாடை, முடிச்சின் இடத்தையும் இறுக்கத்தையும் மாற்றிக் கட்டுவது, வீட்டில் இருக்கும் நேரத்தில் தளர்ந்த உடை ஆகியவை போதும். இடுப்பில் வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் வயதான பெண்களே இதைச் சொல்லக் கூசி நாளைக் கடத்துகிறார்கள்.

வாசலும் துண்டும்

வீட்டுக்குள் தடையில்லாத இவ்வுடைக்கு வாசலில் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்ப் பெண்கள் இதற்குக் கண்ட தீர்வு துண்டு. அழைப்பு மணி அடித்தால் கதவுக்குப் பின் மாட்டியிருக்கும் துண்டையோ துப்பட்டாவையோ தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். பால்காரர், தள்ளுவண்டிக் கீரை, எரிவாயு உருளை, தெருக்குழாய் என எல்லாவற்றுக்கும் அந்தத் துண்டே அனுமதிச் சீட்டு. நைட்டி தலையிலிருந்து கால் வரை மூடியிருக்க, இடுப்பு தெரியும் சேலை அடக்கம் எனவும் நைட்டி அடக்கமின்மை எனவும் கொள்ளப்படுவது வியப்புத்தான். உடையின் அளவைவிட, அது 'படுக்கை அறையின் உடை' என்ற நினைவே இங்கு வேலை செய்கிறது.

இந்த நினைவு சில இடங்களில் சட்டமாகவே ஆனது. 2014இல் நவி மும்பையை அடுத்த கோதிவலி ஊரில், பகலில் நைட்டியோடு வெளியே வரும் பெண்களுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தது பெண்கள் சங்கம் ஒன்று. 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபல்லியில் ஊர்ப் பெரியவர்கள் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டி அணியத் தடை விதித்தார்கள். மீறினால் 2000 ரூபாய் அபராதம், மீறியவரைக் காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் பரிசு. செய்தி வெளியானதும் அதிகாரிகள் ஊருக்கு வந்து விசாரித்தார்கள். 2023 ஜூன் மாதம் கிரேட்டர் நொய்டாவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று, பொது இடங்களில் லுங்கியும் நைட்டியும் வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. இதில் ஆண்களையும் சேர்த்ததால் ஓரவஞ்சனை இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். மற்ற இரண்டு ஊர்களிலும் வெறும் மேலுடன் திண்ணையில் இருப்பவருக்கு எந்த அபராதமும் கேட்டதாகச் செய்தி இல்லை. ஒருவர் என்ன உடுத்த வேண்டும் என்று தண்டம் விதிக்க ஊருக்கோ சங்கத்துக்கோ சட்டத்தில் அதிகாரம் கிடையாது.

தெருமுனைக் கடைக்கும் கோயிலுக்கும் செல்லப் பலர் இன்று இடைப்பட்ட உடைகளை நாடுகிறார்கள். பருத்திச் சுடிதார், தளர்ந்த பலாசோவும் குர்த்தாவும், முழங்காலுக்குக் கீழ் வரும் காட்டன் டாப் ஆகியவை நைட்டியின் காற்றோட்டத்தை ஓரளவு காப்பாற்றுகின்றன. காலோடு ஒட்டும் லெக்கின்ஸ் வசதியானதுதான், வெயிலுக்கு ஏற்றதன்று.

அடுப்பருகே

தளர்ந்த உடையின் ஆபத்து நெருப்பு. பருத்தி விரைவாகப் பற்றி எரியும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். இரண்டில் எதையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. பர்னருக்கு மேலே கையை நீட்டிப் பின்னால் இருக்கும் டப்பாவை எடுக்கும்போதுதான் அகலக் கை தீயில் படுகிறது. ஆகவே கை குறுகியதாகவோ ஒட்டியதாகவோ இருக்கலாம். அடிக்கடி எடுக்கும் பொருள்களை அடுப்புக்குப் பின்னால் வைக்காமலிருக்கலாம். தோளில் போட்ட துண்டைச் சமைக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீ அணைந்தபின் புண்ணின் மீது ஓடும் குழாய் நீரை 20 நிமிடம் விட வேண்டும். பற்பசையும் மையும் கூடாது. இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து போகும்போது சக்கரத்தில் சிக்கக்கூடிய உடைகளில் சேலை முந்தானை, துப்பட்டா ஆகியவற்றோடு நைட்டியின் கீழ் விளிம்பும் ஒன்று.

பருத்தி நைட்டி பழசாகி நைந்தபின் அதன் அகலத் துணி வீட்டில் பல வேலைகளுக்கு ஆகிறது. முதுகுப் பகுதி பாத்திரம் இறக்கும் கரித்துணியாகவும், குழந்தைக்கு அடித்துணியாகவும், தரை துடைக்கவும் போகும். பட்டன்களை வெட்டி எடுத்துத் தையல் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.