“மாட்டு டாக்டர்” என்றால் இளக்காரமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்குமா, கிடைக்காதா? அது சொற்பத்தில் தவறி, மிருக வைத்திய பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால், வாழ்த்துச் சொல்ல வேண்டிய உறவினர்களே “மாட்டு டாக்டருக்கா படிக்கப் போகிறாய்?” என்று கேட்டுவிடுகிறார்கள். பிள்ளையும் தோற்றுப்போன மனதோடுதான் பெட்டியைக் கட்டுகிறது. இத்துறைக்குள் நுழைபவர் எதிர்கொள்ளும் முதலாவது சிரமம் பாடப் புத்தகத்தில் இல்லை. எமது வாயில்தான் இருக்கிறது.

எமது முன்னோர் இத்தொழிலை இப்படி நோக்கவில்லை. மிருக வைத்தியரை அரபியில் ‘பைதார்’ என்பார்கள். மூலிகை மருத்துவத்தில் பெரும் புகழ்பெற்று, 1248ஆம் ஆண்டு டமஸ்கஸில் காலமான இப்னுல் பைதாரின் பெயருக்கே ‘மிருக வைத்தியரின் மகன்’ என்பதுதான் பொருள். தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் பாதணியில் நீர் மொண்டு வந்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்ததையும், பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும் நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை மிம்பர்களில் கேட்டு உருகும் நாம், அந்த இரக்கத்தையே தொழிலாக்க விரும்பும் பிள்ளையை ஏளனம் செய்யலாமா?

நுழைவாயில் ஒன்றே

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் பெறுவதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒன்றே உண்டு. 1980 முதல் அது தனிப் பீடமாக இயங்கி வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே வாயில் என்பதால் போட்டி கடுமையானது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்று, உயர்ந்த இஸட் புள்ளி பெற்றாக வேண்டும். ஆகவே, ‘மருத்துவம் கிடைக்காவிட்டால் இது இருக்கிறதுதானே’ என்று அலட்சியமாக இருப்பவருக்கு இரண்டுமே கைநழுவலாம்.

உள்ளே சென்றபின் முதலில் தடுமாற வைப்பது மொழி. விரிவுரைகளும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில் நடைபெறும். பட்டம் பெற்று வெளியே வந்தால் பண்ணையாளரோடு சிங்களத்திலும் தமிழிலும் பேச வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களை வீணடிக்காமல் இவ்விரு மொழிகளுக்கும் செலவிடும் மாணவர் பேராதனையில் பாதிச் சுமையை இறக்கி வைத்தவராவார்.

ஒரு நோயாளி அல்ல, பல இனங்கள்

மனித வைத்தியர் ஓர் உடலைக் கற்கிறார். மிருக வைத்திய மாணவரோ மாடு, ஆடு, நாய், பூனை, கோழி, குதிரை என்று பலவற்றைக் கற்க வேண்டும். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். குதிரையால் வாந்தியெடுக்கவே முடியாது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள், ஆட்டுக்கு 150, நாய்க்கு 63. நமது தலைவலிக்குச் சாதாரணமாக விழுங்கும் ஒரு பரசிற்றமோல் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக் கூடும். இத்தனைக்கும் நோயாளி தன் வலி எங்கே என்று சொல்லப்போவதில்லை. கண்ணாலும் கையாலும்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உடல் உழைப்பும் குறைவானதல்ல. பசுவின் சினை பார்ப்பதற்குத் தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். நடுநிசியில் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால் சேற்றில் முழந்தாளிட்டு அதை வெளியே எடுக்க வேண்டும். விசர்நாய்க்கடி நோய், எலிக்காய்ச்சல், புரூசெல்லோசிஸ் போன்றவை மிருகத்திலிருந்து மனிதனுக்குத் தொற்றுபவை. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் தப்புவது மிக அரிது. எனவே இத்துறைக்குச் செல்வோர் முற்கூட்டியே அதற்கான தடுப்பூசியைப் பெற்றுக்கொள்வது அவசியம்.

நாயைத் தொடுவது எப்படி?

எமது பெற்றார் பலர் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. நாட்டிலுள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கலந்திருக்க வேண்டும். இருபுறமும் உலர்ந்திருக்கும்போது தொட்டால் இந்தக் கடமை இல்லை. கையுறை, பணிக்கென ஓர் உடை, தொழுகைக்கென வேறோர் உடை என்று ஒழுங்கு செய்துகொண்டால் சிரமம் பெரிதும் குறைந்துவிடும். பன்றி வளர்ப்புப் பற்றிய பாடமும் வரும் என்பதால், சந்தேகங்களை முன்னதாகவே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செல்வது நல்லது. சுத்தம் பேணுவதற்கு மார்க்கம் வழி காட்டியிருக்க, சுத்தத்தின் பெயரால் ஒரு பயனுள்ள கல்வியையே மூடிவிடுவது நியாயமல்ல.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “பெண் பிள்ளை மாட்டோடு மல்லுக்கட்டுவதா?” என்று தயங்குவோர் உண்டு. இன்று இத்துறையில் பெண்கள் பெருமளவில் கற்கிறார்கள், பணியாற்றுகிறார்கள். கட்டிப்போடும் முறையும் மயக்க மருந்தும் தெரிந்தவருக்கு முரட்டுப் பலம் முக்கியமல்ல. ஆய்வுகூடம், கோழிப்பண்ணை, உணவுப் பாதுகாப்பு, செல்லப்பிராணிச் சிகிச்சை என்று வெவ்வேறு பணிகளும் இருக்கின்றன.

சமூகத்தின் தேவை

கிண்ணியாவிலும் மூதூரிலும் அம்பாறைக் கரையோரத்திலும் எருமையையும் பசுவையும் நம்பி வாழும் குடும்பங்கள் எமது குடும்பங்களே. அவர்களது மொழியில் பேசி, மடியழற்சியையும் கால்வாய் நோயையும் உரிய நேரத்தில் கண்டறியும் வைத்தியர் அவர்களுக்கு வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏற்றிய பசுவின் பாலைக் குறித்த நாட்கள் கழியும்வரை விற்கக் கூடாது என்று எடுத்துச் சொல்பவரும் அவரே. ஹலால் மட்டுமல்ல, தூய்மையான உணவும் எமது கடமை என்பதை நினைத்தால் இப்பணியின் பெறுமதி புரியும். மனித குலம் உலகிலிருந்தே முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டுதான். ஒன்று பெரியம்மை. மற்றது, 2011இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளை நோய். அது “மாட்டு டாக்டர்”களின் சாதனை.

எனவே பெற்றாரே, விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் பிள்ளையை அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அனுமதி பெற்றுச் சில நாட்கள் அங்கு நடப்பதைப் பார்க்கட்டும். இரத்தமும் சாணமும் கண்டு முகம் சுளிக்கிறதா, முன்னே வந்து கயிற்றைப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெளிநாட்டில் படிக்க அனுப்புவோர், அந்தப் பட்டத்தைக் கொண்டு இங்கு பதிவு பெற முடியுமா என்பதை இலங்கை மிருக வைத்திய சபையிடம் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

விருப்பமில்லாத பிள்ளையைத் தள்ளிவிடவும் வேண்டாம். விருப்பமுள்ள பிள்ளையைப் பரிகசித்துத் தடுக்கவும் வேண்டாம். வாயில்லா ஜீவன்களின் நோவைத் தீர்க்கும் கைகள் எமது சமூகத்திலிருந்தும் உருவாக வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!