850 வாட் கிரைண்டருக்கு 1,000 வாட் பெட்டி ஏன் போதவில்லை?

இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கரண்ட் இணைப்பு இன்னும் வராத வீட்டில் வேலை. ஜெனரேட்டர் போட்டால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் 1,000 வாட் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கினேன். என் கிரைண்டர் 850 வாட்தான். ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றுவிடுகிறது; பெட்டி ‘ஓவர்லோடு’ என்று காட்டுகிறது. பெட்டி டூப்ளிகேட்டா சார்?”

பெட்டி ஒரிஜினலாகவே இருக்கலாம். அட்டையில் அச்சடித்த எண்தான் பாதி உண்மை.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் ஏதும் இல்லாத சாதாரண கிரைண்டரை பிளக்கிலிருந்து கழற்றி, சுவிட்சை ஆன் செய்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். மெஷினுக்கு மெஷின் மாறும். 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 29 ஆம்பியர் வருகிறது. ஆனால் 850 வாட் மெஷின் முழு வேலையில் இழுப்பது 4 ஆம்பியருக்குள்தான். மிச்சம் 25 ஆம்பியரைத் தடுத்து நிறுத்துவது யார்?

மோட்டாரேதான். காந்தப்புலத்துக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர், சுற்றுகிற வரைக்கும் ஒரு டைனமோவும்கூட. அதன் சுருள்களில் பிறக்கும் மின்னழுத்தம், பிளக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. 8 ஓமில் 4 ஆம்பியர் ஓட 32 வோல்ட் போதும். ஏசி கணக்கின் நெளிவுசுளிவுகளைக் கொஞ்சம் மறந்துவிட்டால், பாக்கி 200 வோல்ட்டை மோட்டார் தானே எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. இதில் சென்சார் கிடையாது, சிப் கிடையாது. கிரைண்டரை இரும்பில் அழுத்துகிறோம், வேகம் குறைகிறது, எதிர்ப்பு குறைகிறது, கரண்ட் கூடுகிறது, கரண்ட் கூடியதால் முறுக்குவிசையும் கூடுகிறது. எவ்வளவு தேவையோ அவ்வளவு, கேட்காமலே. பொறியியலில் இதைவிட அழகான ஏற்பாடுகள் அதிகம் இல்லை என்பது என் கட்சி.

சிக்கல் என்னவென்றால், நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு இந்த எதிர்ப்பு அறவே இல்லை. சுவிட்சைத் தட்டிய கணத்தில் அது வெறும் கம்பிச் சுருள். சுருளின் தூண்டல் தடை கொஞ்சம் பிடித்து வைத்தாலும், வழக்கமான கரண்ட்டைப் போல மூன்று நான்கு மடங்கு சர்வசாதாரணமாகப் பாயும்.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்திக்குக் கதவு திறக்கும் நேரம். உள்ளே எல்லா இலையும் காலி. வெளியே நிற்கிற கூட்டம் அப்படியே மோதுகிறது. இடம் நிரம்பியதும் கதவில் தள்ளுமுள்ளு அடங்கிவிடும், ஏனென்றால் உட்கார்ந்திருப்பவர்களே வருகிறவர்களுக்குத் தடை. எழுந்து கைகழுவப் போகிறவர்கள்தான் மோட்டாரின் வேலைப்பளு: நாலு பேர் எழுந்தால் நாலு பேர் உள்ளே வரலாம். கிரைண்டரின் வட்டு இரும்புக் கம்பிக்குள் சிக்கி நின்றுவிட்டதென்றால், பாயசம் வருமுன்பே மொத்தப் பந்தியும் எழுந்து போனதாக அர்த்தம். மறுபடியும் முதல் பந்தி நெரிசல். சமையற்கட்டில் எத்தனை அண்டா சோறு இருக்கிறது என்பது பேட்டரியின் வாட்-ஹவர். கதவு எவ்வளவு அகலம் என்பது வாட். கடைக்காரர் அண்டாவைக் காட்டுகிறார். நீங்கள் கதவில் மாட்டிக்கொள்கிறீர்கள். இதில் மொய் எழுதுகிறவர் யார் என்று கேட்டால், மின்வாரியம் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுவேன்.

சரி, இதே கிரைண்டர் வீட்டுச் சுவரில் செருகினால் மட்டும் எப்படி ஓடுகிறது? அங்கே இருக்கும் 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி உடனடியாக விழ வேண்டுமானால் 80 ஆம்பியராவது பாய வேண்டும். 29 ஆம்பியருக்கெல்லாம் அதற்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளையப் பல விநாடிகள் பிடிக்கும். அதற்குள் கிரைண்டர் 11,000 ஆர்பிஎம் வேகத்தைத் தொட்டு, அமைதியாகியிருக்கும்.

பெட்டிக்குள் அந்தப் பெருந்தன்மை இல்லை. பேட்டரியின் டிசியை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஏசியாக்குபவை சிலிக்கான் சுவிட்சுகள். கறுப்பு உறைக்குள் இருக்கும் சில்லு விரல் நகத்தைவிடச் சிறியது. சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு உடம்பே கிடையாது; அளவு மீறினால் மில்லிவிநாடிகளில் போய்விடும். காவல் சர்க்யூட் முந்திக்கொண்டு அணைப்பது அதனால்தான். டியூபுலர் பேட்டரியோடு வீட்டு மூலையில் கிடக்கும் பழைய இன்வெர்ட்டரிலும் இதே சுவிட்சுகள்தாம். ஆனால் அங்கே செம்பும் இரும்புமாக ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சில விநாடி மிகைச் சுமையை அந்த வகை முனகிக்கொண்டே தாங்கும். ஒற்றைக் கையில் தூக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த லேசான எடைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. தூண்டப்படும் மின்சாரம் தன்னைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்க்கும் என்று இயற்பியலாளர் லென்ஸ் சொன்னது 1834இல். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் துளைப்பானைச் செய்தது 1895இல். இந்தப் பெட்டிகளில் இப்போது பெரும்பாலும் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வேதியியல், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் குழு 1997இல் வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு ஆசிரியர்கள் பாதி (Padhi), நஞ்சுண்டசுவாமி என்ற இந்தியப் பெயர்க்காரர்கள் என்பது கூடுதல் சந்தோஷம்.

விளம்பரங்களுக்கு வருவோம். ‘பீக் 2,000 வாட்’ என்று போட்டிருந்தால், எத்தனை நேரத்துக்கு என்று கேளுங்கள். அரை விநாடி தாங்கினால்கூட சின்ன கிரைண்டர் பிழைத்துக்கொள்ளும். பத்து மில்லிவிநாடி என்றால் அந்த எண் அட்டைக்கு மட்டும் அழகு. அடுத்தது ‘பூஸ்ட்’ வசதி: 1,000 வாட் பெட்டியிலேயே 1,500 வாட் சாதனம் ஓடுமாம். ஓடும், அது கெட்டிலாக இருந்தால். பெட்டி செய்வதெல்லாம் வோல்ட்டேஜைக் குறைப்பதுதான். தண்ணீர் மெதுவாகக் கொதிக்கும். இழுப்புள்ள மோட்டாரிடம் இந்த வித்தை பலிக்காது. வோல்ட்டேஜ் குறைந்தால் முறுக்குவிசை செத்துவிடும், வட்டு திணறும்.

‘ப்யூர் சைன் வேவ்’ என்பதில் ஒரு தமாஷ் இருக்கிறது. கிரைண்டர், மார்பிள் கட்டர், டிரில்லிங் மெஷின் ஆகியவற்றில் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு ஏசியா டிசியா என்ற கவலையே கிடையாது. பேட்டரியிலிருந்து டிசியை எடுத்து, பாடுபட்டு வழவழப்பான ஏசியாக்கி, எதைக் கொடுத்தாலும் சாப்பிடும் மோட்டாரிடம் தருகிறோம். அதற்காக நேரடியாக டிசி கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள்: மெஷினின் சுவிட்ச் ஏசிக்கானது, டிசி தீப்பொறியை அதனால் அணைக்க முடியாது.

கம்ப்ரசர் தனி ஜாதி. அதில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். புறப்படும்போது ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். போதாக்குறைக்கு அழுத்தத்தை எதிர்த்துப் புறப்பட வேண்டும். கம்ப்ரசர் நிற்கும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அது பம்ப் தலையில் மாட்டிய காற்றைத் திறந்துவிடும் வால்வு, அடுத்த ஸ்டார்ட் லேசாக இருப்பதற்காக. அந்தச் சத்தம் வராத கம்ப்ரசரை எந்தப் பெட்டியோடும் இணைக்காதீர்கள். முதலில் வால்வைப் பாருங்கள்.

இனி கணக்கு. சாதாரண 850 வாட் கிரைண்டருக்குத் தொடர்ச்சியாக 2,000 வாட் தரும் பெட்டியைத்தான் சொல்வேன். ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ உள்ள மெஷின் என்றால் 1,200 வாட்டே போதலாம்: அதற்குள் இருக்கும் டிரையாக் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. புதிதாக வாங்குவதானால் பெரிய பெட்டியைவிட சாஃப்ட் ஸ்டார்ட் மெஷினுக்குச் செலவிடுவது மலிவு. 14 இஞ்ச் கட் ஆஃப் மெஷினோ, வெல்டிங்கோ என்றால் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஜெனரேட்டரை எடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பது பலர் பயப்படுமளவு மோசமில்லை. 1,024 வாட்-ஹவர் பெட்டியில் மாற்று இழப்பு போகக் கைக்கு வருவது 870 அளவில். 1,200 வாட் மார்பிள் கட்டரால் ஒரு டைல்ஸை அரை நிமிடம் வெட்டினால் செலவு 10 வாட்-ஹவர். ஆக எண்பது வெட்டுக்கு மேல் வரும். ஆனால் ஏசி பட்டனை அணைக்காமல் நாள் முழுக்க விட்டால், சும்மா இருப்பதற்கே 20 வாட் தின்னும் பெட்டி எட்டு மணி நேரத்தில் 160 வாட்-ஹவரை, அதாவது பதினாறு வெட்டை, விழுங்கிவிடும்.

ஹீட் கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மாடல்களில் ‘ஹை’யில் நன்றாக ஓடி, ‘லோ’வில் மட்டும் பெட்டி அணைந்துபோகும். பாதிச் சூட்டுக்காக உள்ளே ஒரு டையோடை வைத்து ஏசி அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிற சிக்கனம் அது. அலையின் ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறுவது பல பெட்டிகளுக்குப் பிடிக்காது. ‘ஹை’யிலேயே வைத்து, முனையைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.