பஞ்சு மட்டும் சத்தத்தைத் தடுக்காது

கிளினிக்கில் காத்திருக்கும்போது, உள்ளே மருத்துவரிடம் ஒரு பெண் தன் உடல்நிலையைச் சொல்லி அழுவது வெளியே இருப்பவர்கள் காதில் விழுகிறது. வக்கீல் அலுவலகத்திலும் மனநல ஆலோசனை அறையிலும் இதே கதைதான். ஒரு கூடத்தை ஜிப்சம் போர்டால் நாலு அறையாகப் பிரிக்கும்போது, “உள்ளே ராக்வூல் வைத்துவிடுகிறோம், சத்தம் வராது” என்பார் கான்ட்ராக்டர். வைத்த பிறகும் சத்தம் வருகிறது. பல இடங்களில் குறை ராக்வூலில் இல்லை. அதைச் சுற்றிச் செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது.

சத்தத்தைத் தடுப்பது கனம். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 5 முதல் 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். ராக்வூல், கிளாஸ் வூல் போன்ற பஞ்சுகள் செய்வது வேறு வேலை. அவற்றின் நுண்ணிய இழைகளுக்கு நடுவே அதிரும் காற்று உரசி, ஒலியின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிறது. அதனால்தான் வெறும் பஞ்சைச் சுவரில் ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி குறையாது.

பஞ்சு பலன் தருவது இரண்டு போர்டுகளுக்கு நடுவில் அடைபட்டிருக்கும்போதுதான். ஒரு பக்கத்துப் போர்டு அதிர்ந்தால், உள்ளே இருக்கும் காற்று அந்த அதிர்வை ஸ்பிரிங் மாதிரி மறுபக்கத்துக்குத் தள்ளும். நடுவில் பஞ்சு இருந்தால் அந்தத் தள்ளல் தளரும். மெல்லிய இரும்புச் சட்டத்தில் இருபுறமும் ஒவ்வொரு போர்டு போட்ட சுவரில் இப்படிக் கிடைக்கும் லாபம் ஏறத்தாழ 5 டெசிபெல், சில சமயம் இன்னும் சற்று அதிகம். 10 டெசிபெல் குறைந்தால்தான் சத்தம் பாதியானது போல நம் காதுக்குத் தோன்றும். ஆக, பஞ்சு மட்டும் வைத்துவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது. இரண்டு பக்கப் போர்டும் ஒரே சட்டத்தில் திருகப்பட்டிருந்தால், அதிர்வு பஞ்சைத் தொடாமலே இரும்பு வழியாகக் கடந்துபோகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிச் சட்டம் அமைத்து, போர்டை இரண்டு அடுக்காகப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்தால் சுவரின் தரமே மாறிவிடும்.

இத்தனையும் செய்த சுவரைக் கெடுக்க ஒரு சின்ன ஓட்டை போதும். 100 சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு உயர்ந்ததானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. அதே அளவுச் சுவரில் மூன்றடி அகலக் கதவின் கீழே முக்கால் அங்குலம் இடைவெளி விட்டால், உச்சவரம்பு சுமார் 27 டெசிபெல்தான். இதற்கு மேல் ராக்வூலுக்குச் செலவழிக்கும் காசு வீண். முதலில் கதவைப் பாருங்கள், அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். பிறகு ஸ்விட்ச் பாக்ஸ். இரு அறைகளுக்கும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் பதித்திருந்தால், அங்கே சுவரே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அலுவலகங்களில் இன்னொரு பெரிய ஓட்டை தலைக்கு மேலே இருக்கிறது. தடுப்புச் சுவர் பால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா அறைகளுக்கும் பொதுவான வெற்றிடம். பேச்சு மேலே ஏறிப் பக்கத்து அறையில் இறங்குகிறது. சுவர் கான்கிரீட் தளம் வரை போய் முட்ட வேண்டும், முட்டும் இடத்தை சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டின் கதை வேறு. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர், சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பஞ்சு வைத்த சாதாரண ஜிப்சம் தடுப்பு பொதுவாக அதற்கு ஈடாகாது. ஆகவே அங்கே சத்தம் பெரும்பாலும் கதவு, ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. அப்படியும் படுக்கையறைச் சுவரைத் தாண்டிப் பேச்சு கேட்டால், சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விட்டுத் தனிச் சட்டம் நிறுத்தி, 50 மில்லிமீட்டர் ராக்வூல், இரண்டு அடுக்கு போர்டு போடலாம். நாலு அங்குல இடம் போகும். சின்ன அறையில் ஒரு சுவருக்கு மேல் செய்யச் சொல்ல மாட்டேன். சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் தொடவே கூடாது. நனைந்த பஞ்சு தொய்ந்து போகும், பின்னால் பூஞ்சை பிடிக்கும். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் ஓசைக்கு இந்தக் கூடுதல் சுவர் மருந்தல்ல. அது தளத்திலேயே பிறந்து சுவர்களில் இறங்குகிறது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டச் சொல்லிக் கேட்பதே பலன் தரும்.

தெர்மாகோலை மட்டும் வாங்காதீர்கள். அதற்குக் கனமும் இல்லை, காற்றை உள்ளே விடும் துளைகளும் இல்லை; தடுக்கவும் செய்யாது, உறிஞ்சவும் செய்யாது. தீப்பிடித்தால் எரியும். ராக்வூல் பாறையை உருக்கி இழையாக்கியது, எரியாது. ஆனால் அதையோ கிளாஸ் வூலையோ வெட்டுபவருக்கு முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுக்காமல் வேலை வாங்குவது தவறு. அந்த இழைகள் தோலையும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், எட்டாம் பகுதியில், ஒலியியலுக்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. கிளினிக் கட்டுபவர்கள் அதைக் கட்டட வடிவமைப்பாளர் முன் எடுத்து வைத்துப் பேசலாம். பால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்பே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு தடுப்பும் தளத்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூடிய பிறகு அதைத் திறக்க எந்தக் கான்ட்ராக்டரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்.