அழைப்பாணை என்னும் சொல்

வாழைச்சேனை நீதிமன்றத்திலிருந்து கடிதம் ஒன்று வந்துவிட்டால் எமது மக்களிற் பலர் அதனை வாசிக்குமுன்னரே கலக்கமடைந்துவிடுகின்றனர். அழைப்பாணை என்பதே குற்றச்சாட்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எனவே, இச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்துவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

அழைப்பு, ஆணை என்னும் இரு சொற்கள் இணைந்து உருவானதே அழைப்பாணை. திருமண வீட்டு அழைப்பை மறுத்தால் மனத்தாங்கலே மிஞ்சும். அழைப்புடன் ஆணை சேரும்போது மறுக்கும் உரிமை நீங்கிவிடுகின்றது. ஆயினும் அது தண்டனையன்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமன்றிச் சாட்சிக்கும் அது அனுப்பப்படும். குறித்த திகதியில் மன்றில் தோன்றுமாறு கோருவதே அதன் நோக்கம். அதனைப் பெற்றும் தகுந்த காரணமின்றித் தோன்றாதவிடத்தே பிடியாணை பிறப்பிக்கப்படலாம். அச்சத்தினால் கடிதத்தை ஒளித்துவைப்பவர், வராத ஆபத்தைத் தாமே வரவழைத்துக் கொள்கின்றார்.

தமிழ் இலக்கணம் அழைத்தலை விளி என்று கூறி, எட்டாம் வேற்றுமையாக வகுத்துள்ளது. 'மகன்' என்ற பெயர் அழைக்கும்போது 'மகனே' என்றாகின்றது. அழைக்கப்படுபவருக்காகச் சொல்லே தன் உருவை மாற்றிக் கொள்கின்றது. முஸ்லிம்கள் தொழுகைக்கான அழைப்பைப் பாங்கு என்பர். ஒலி, குரல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. பாங்கின் வாசகங்கள் அரபியில் அமைந்தவை. எனினும் அவை எதற்காக அழைக்கின்றன என்பதைச் சிறுவரும் அறிவர். கேட்பவர் விளங்கிக்கொண்டால்தான் அழைப்பு அழைப்பாகும்.

நீதிமன்றத்தின் அழைப்புக்கும் இது பொருந்தும். 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழாகும். நீதிமன்ற மொழி தமக்கு விளங்காத வழக்காளி, அரசின் செலவில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையும் அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையில் உள்ளது. கொழும்பிலோ பொலன்னறுவையிலோ தொடரப்பட்ட வழக்குக்காகச் சிங்களக் கடிதம் ஒன்று இங்கு வருமாயின், அதனைப் பெறுபவர் இவ்வுரிமையை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வாழைச்சேனைத் தமிழரும் ஓட்டமாவடி முஸ்லிம்களும் பேசுவது ஒரே மொழி. 2002 ஜூன் மாதம் இப்பகுதியில் இடம்பெற்ற வன்முறைகள் இரு சமூகத்தவருக்குமிடையே ஏற்படுத்திய கசப்பை எவரும் மறந்திருக்க முடியாது. ஆயினும் விளங்காத மொழியில் வரும் ஆணை இரு வீடுகளையும் ஒரே விதமாகவே வருத்தும். இவ்விடயத்திலேனும் இருசாராரும் ஒரே குரலில் பேசுதல் வேண்டும்.

அழைப்பாணை கிடைத்தால் திகதியையும் மன்றின் பெயரையும் முதலிற் பாருங்கள். விளங்காவிடின் மன்றின் பதிவாளரையோ, சட்டத்தரணியையோ நாடுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அழைப்பை விளங்கிக்கொள்வது மக்களின் கடமையென்றால், விளங்கும் மொழியில் அழைப்பது அரசின் கடமையாகும்.