ஃபோல்டர் மாறினாலும் மாட்யூலை ட்ரூபல் கண்டுபிடிப்பது எப்படி?

ட்ரூபலில் இணையதளம் நடத்துகிறீர்களா? பிறர் எழுதிய மாட்யூல்களை 'கான்ட்ரிப்', நீங்கள் எழுதியவற்றை 'கஸ்டம்' என்ற உள்ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். தளம் குழம்பாது. ஏன்?

மிளகு டப்பாவை எந்தத் தட்டில் வைத்தாலும், மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்து எடுத்துவிடுகிறோம் அல்லவா? ஒவ்வொரு மாட்யூலுக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு: 'இன்ஃபோ' கோப்பு. ட்ரூபல் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நுழைந்து அதைத் தேடும். எந்தெந்த மாட்யூல் இயங்குகிறது என்று பெயரை வைத்தே பதிந்துகொள்ளும்.

ஒவ்வொரு முறையும் தேடினால் நேரமாகுமே? அதனால் கண்டுபிடித்த இடத்தை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) குறித்து வைக்கும். மாட்யூலை நகர்த்தியதும் கேஷை அழித்துவிடுங்கள். இல்லையேல் காலித் தட்டைத்தான் துழாவும்!

இந்த விஷயத்தில், இணையதளம் நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ் கொஞ்சம் பிடிவாதமானது. அங்கே மாட்யூல் போன்றதுதான் ப்ளக்இன்; ப்ளக்இன் ஃபோல்டருக்குள் ஒரு படி ஆழம்தான் அது பார்க்கும். கோப்பின் பாதையே அதற்கு அடையாளம் என்பதால், இடம் மாற்றினால் ப்ளக்இன் செயலிழந்துவிடும்.