பழைய பிக்அப் வண்டியைச் செப்பனிடுவதா, விற்பதா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்அப் வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின், குடியானவருக்கு நேரும் நஷ்டம் வண்டியோடு முடிவதில்லை. சந்தை கூடும் வேளைக்குச் சேராத சரக்கு விலை குன்றும், வைத்திருந்தால் அழுகும். ஆதலின், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைச் செப்பனிடுவதா, விற்றுவிடுவதா என்பதை அறுவடைக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்ளுதல் நலம்.

பெரும்பாலோர் முதலில் என்ஜினையே நோக்குகின்றனர். இது முறையன்று. என்ஜினைப் புதுப்பிக்கலாம், துருவால் அரிக்கப்பட்ட சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தைப் புதுப்பித்தல் எளிதன்று. வண்டியை நன்கு கழுவி, உயர்த்தி நிறுத்தி, அடிச்சட்டம் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்னும் ஓசை நல்ல இரும்பைக் குறிக்கும். மந்தமான ஓசையும், செதில் செதிலாக உதிரும் துருவும் இரும்பு மெலிந்துவிட்டதைக் காட்டும். ரசாயன உரம் சுமக்கும் வண்டிகளில் உப்பும் ஈரமும் சேர்ந்து அரிப்பதால், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் பொருந்துமிடத்தைத் தனியே கவனித்தல் வேண்டும். அவ்விடம் அரித்திருப்பின் என்ஜினுக்கு இடும் பணம் வீணே. பெயிண்ட் பூசிய அடிச்சட்டத்தைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பதில் தவறில்லை.

அடிச்சட்டம் உறுதியாயின், பின்னர் என்ஜினைச் சோதிக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்து வருமாயின், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருத்தல் கூடும். இதற்கு முழு என்ஜினையும் மாற்றவேண்டியதில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கையில் புகை வேகமாகப் பீறிடுமாயின், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். “என்ஜின் போய்விட்டது” என்னும் ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடாது, கம்ப்ரெஷன் சோதனை செய்வித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

செப்பனிடும் செலவை வண்டியின் விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடுவது வழக்கம். இக்கணக்கு போதாது. செலவு 90,000 ரூபாய் என்றும், அதனால் வண்டி மேலும் 2 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால், மாதத்திற்கு 3,750 ரூபாய் ஆகிறது. அதனோடு டயர், கிளட்ச் முதலியவற்றிற்கு வரக்கூடிய செலவையும் சேர்த்து, புதிய வண்டியின் மாதத் தவணையோடு ஒப்பிடல் வேண்டும். ஆண்டிற்குச் சில நடைகளே செல்லும் வண்டியாயின், அதை விற்றுவிட்டு வாடகை வண்டி அமர்த்துவதே லாபம்.

சரக்கு வாகனங்கள் 8 ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். 15 ஆண்டு கடந்தவற்றிற்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்த்தப்பட்டது. இதனை அறியாது பணத்தைப் பட்டறையில் செலவிட்டபின் வருந்துவோர் உண்டாதலால், கிராம அதிகாரிகள் முன்கூட்டியே எடுத்துரைத்தல் உபகாரமாகும்.

செப்பனிடுவதென்று முடிவாயின், சரக்கு நடை குறைந்த நாட்களில் வண்டியைப் பட்டறையில் விட்டு, கழற்றிய பழைய உதிரிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்க.